வேலிக்குள் அறுப்பு

அறுப்பு மிஷின் ஓடைப்பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டதும் ஞானபூரணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையிலிருந்த கஞ்சித் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, முந்தியை இழுத்துச் செருகிக்கொண்டு பாதையைப் பார்க்க ஓடினாள். இன்றைக்கு வருது, நாளைக்கு வருது என்று நாலு நாளாகப் போக்குக் காட்டிய மிஷின். தாயில்பட்டிக்கு மேற்கே அந்த வட்டாரம் பூராவும் மக்காச்சோளம் ஒரே நேரத்தில் முற்றிக் காய்ந்து நிற்க, ஓடுகிற மிஷின் ரெண்டோ மூணோதான். போதாததுக்கு, மாசி மாதத்தில் வரக்கூடாத மேகம் ஒன்று நேற்றிலிருந்து தெற்கே கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

"ஜெஸ்லின் அப்பா! வந்துருச்சுங்க, வந்துருச்சு!"

சேசுராஜ் டிரெய்லருக்குள் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார். சிவகாசியில் அச்சாபீஸ் மிஷின்மேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. ரெண்டு பேரும் காலை ஆராதனைக்குக்கூடப் போகவில்லை. மதுரையில் நர்சிங் படிக்கிற மகள் ஜெஸ்லின், "எனக்கும் சேத்து ஜெபம் பண்ற ஆளுக, இன்னைக்கு ஒங்களுக்கும் சேத்து என்னையப் பண்ணச் சொல்றீக" என்று போனில் சிரித்திருந்தாள்.

ரெண்டரைக் குறுக்கம் நிலம். அந்த ஊர்க் கணக்கில் குறுக்கம் என்றால் ஏக்கர்தான். பம்புசெட் தண்ணீரும் புரட்டாசி மழையும் சேர்ந்து இந்த வருஷம் கதிர் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு இறங்கியிருந்தது. சுற்றுப்பட்டில் காட்டுப்பன்னி மேயாத மக்காச்சோளம் ஞானபூரணியுடையது ஒன்றுதான். காரணம் வேலி. நாலு பக்கமும் கிளுவை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கம்பு கம்பாக ஊன்றி, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி, ஒன்றோடொன்று பின்னிவிட்டு வளர்த்தது. இப்போது ஆள் உயரத்துக்கு மேலே, முள்ளும் முறுக்குமாக, கீரிப்பிள்ளை நுழைய யோசிக்கிற அடர்த்தி.

அந்த வேலியில்தான் முந்தின நாள் சாயங்காலம், கிழக்கே பாதையை ஒட்டி, மிஷின் நுழைய பதினாலு அடிக்கு வெட்டி விட்டிருந்தாள். ஒரு ராத்திரிதானே என்று குறுக்கே ரெண்டு முள்ளை மட்டும் இழுத்துப் போட்டிருந்தாள்.

மிஷின் ஓட்டி வந்தவன் சோணைமுத்து. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள், முப்பது வயதிருக்கும். கண் ரெண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"அக்கா, மழைக்குள்ள முடிச்சுருவோம். கல்லுகில்லு கெடந்தா இப்பமே சொல்லிருங்க."

"என் பிஞ்சையில கல்லா? சலிச்சு வச்ச மாவு மாதிரி கெடக்கு தம்பி. நீ எறக்கு."

மிஷினின் முன்பக்கத்து மூக்குகள் தட்டைகளுக்குள் புகுந்தன. மடமடவென்று சத்தம். கதிரை மட்டும் உருவி உள்ளே இழுத்துக்கொண்டு, தட்டையை நொறுக்கிப் பின்னால் துப்பிக்கொண்டு அது போனது. மூன்று பக்க ஓரத்தையும் வளைத்து வளைத்து அறுத்து மேற்கு நோக்கி வந்தான் சோணைமுத்து. முதல் டேங்க் நிறைந்து குழாய் வழியாக டிரெய்லரில் கொட்டியபோது, ஞானபூரணி ஒரு கை அள்ளி வாயில் போட்டுக் கடித்தாள். டக்கென்று உடைந்தது. நல்ல காய்ச்சல்.

"கல்லு மாதிரி இருக்குங்க!"

"பல்லு போயிரப் போகுது" என்றார் சேசுராஜ். அவர் முகத்திலும் சிரிப்பு நிற்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் முக்கால்வாசி முடிந்திருந்தது. நடுவிலிருந்து மேற்கு வேலி வரைக்கும் அரைக் குறுக்கம் மட்டும் தீவு மாதிரி நின்றது. அப்போதுதான் சோணைமுத்து மிஷினை நிறுத்தி, மேலேயிருந்து கையைக் காட்டினான்.

"அக்கா, காத்து இல்ல. ஆனா அங்கன தட்டை ஆடுது பாருங்க."

பார்த்தாள். நடுவில் ஒரு இடத்தில் தட்டைகள் அசைந்தன. அசைவு கொஞ்ச தூரம் ஓடி நின்றது. இன்னொரு பக்கம் கிளம்பியது. பிறகு தீவின் ஓரத்தில் ஒரு கறுத்த மூஞ்சி நீண்டு, மண் அப்பிய மூக்கைத் தூக்கி மோந்துவிட்டு உள்ளே போனது.

"பன்னி!" என்றாள் ஞானபூரணி.  "ஒம்போது வருசமா ஒண்ணு உள்ள வரல. ஒரு ராத்திரி தெறந்து வச்சேன்."

பாதையில் போன யாரோ சொல்லி, அரை மணி நேரத்தில் இருபது முப்பது பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள். வெடிக் கம்பெனி வேன்கள் ஊரை வேலைக்கு அள்ளிக்கொண்டு போகாத ஞாயிறாயிற்றே. முதல் ஆளாக வந்தவன் பலவேசம். பாதைக்குக் கிழக்கே அடுத்த பிஞ்சைக்காரன். கையில் வேல்கம்பு, கயிற்றில் ரெண்டு நாய், பை நிறைய வெடி.

"மதினி, யாரும் உள்ள போகக்கூடாது. நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணுகூட வெளிய போகாது இன்னைக்கு."

அவன் கோபத்துக்கு நியாயம் இருந்தது. தை மாதம் ஒரே ராத்திரியில் அவனுடைய மக்காச்சோளம் அத்தனையும் உழுது போட்ட மாதிரி ஆகியிருந்தது. அவனும் அவன் பெண்டாட்டியும் விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காமல் இருந்ததை ஞானபூரணி பார்த்திருக்கிறாள். அதற்கப்புறம் கிணற்றுத் தண்ணீரை நம்பி நிலக்கடலை போட்டிருந்தான்.

அவன் வெடியை எடுத்துத் தீப்பெட்டியைத் தேடினான். ஞானபூரணி பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"கிறுக்குப் புடிச்சுருச்சா ஒனக்கு? கம்பெனியில வேல பாக்குறவன்தானே நீ? காஞ்ச தட்டையப் பாரு. ஒரு பொறி விழுந்தா மிஷினு, டிரெய்லரு, நீ, நான் எல்லாம் சாம்பலு!"

பலவேசம் தரையைப் பார்த்தான். நொறுங்கிய தட்டை கணுக்கால் வரைக்கும் பஞ்சாகக் கிடந்தது. வெடியைப் பையில் போட்டு, பையைத் தூக்கித் தூரத்தில் பாதைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தான்.

"அப்பம் நாயி?"

"பொறு. மிஷினு ஓரத்துல இன்னும் ரெண்டு சால் அறுக்கட்டும். தானா வெளிய வரும்."

சோணைமுத்து மிஷினை எடுத்தான். இருபதடி போயிருப்பான். 'டணார்' என்று ஒரு சத்தம். முன்பக்கம் சுற்றுவது நின்றுபோனது. பன்னிகள் ராவெல்லாம் கிண்டிக் கிளப்பி வைத்திருந்த ஒரு கல், தேங்காய்ப் பருமனில், மூக்குக்குள் சிக்கியிருந்தது.

சேசுராஜ் குனிந்து பார்த்தார். கல்லை நெம்பி எடுத்தாயிற்று. ஆனால் பக்கவாட்டில் செயின் அறுந்து பாம்புச்சட்டை மாதிரி தொங்கியது.

"ஒரு கண்ணி தெறிச்சுருச்சுண்ணே" என்றான் சோணைமுத்து. "ரெண்ட சேக்குற லாக்கு இருந்தா பத்து நிமிசத்துல மாட்டிருவேன். கையில இருந்த ஒண்ணையும் நேத்து போட்டுட்டேன். இனி சாத்தூருக்குப் போனாத்தான். ஞாயித்துக்கெழம கடை இருக்குமோ என்னமோ."

தெற்கே ஒருமுறை முழங்கியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். காலையில் கூடிக் கலைந்த மேகம் இப்போது கலைகிற மாதிரி இல்லை. அடிவயிறு கறுத்து, தலைக்கு மேலே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அரைக் குறுக்கம் மழையில் நனைந்து சாய்ந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். மிஷின் இன்றைக்குப் போனால் இனி பத்து நாளைக்கு வராது.

சேசுராஜ் செயினைக் கையில் எடுத்து, கண்ணிக்குக் கண்ணி விரலால் அளந்தார். அச்சாபீஸில் இருபது வருஷம் மிஷினோடு கிடந்த விரல்.

"ஒரு இஞ்சு" என்றார். "ஞானம், மோட்டார் ரூம் கதவுல ஒரு செயின் போட்டுப் பூட்டி வச்சுருக்கியே..."

"நீங்க ஆபீஸ்ல இருந்து கொண்டாந்த பழசா? அத..."

"கட்டிங் மிஷின்ல கழிச்சது. அதும் ஒரு இஞ்சுதான். ஒட்டுப்போட்ட செயினு அது, லாக்கு ரெண்டு இருக்கும்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஞானபூரணி ஓட ஆரம்பித்திருந்தாள். மோட்டார் ரூம் வடமேற்கு மூலையில். தீவை ஒட்டித்தான் போகவேண்டும். இடது பக்கம் தட்டைகளுக்குள் உறுமல் கேட்டது. கூடவே ஓடி வருகிற மாதிரி சலசலப்பு. 'கர்த்தாவே, கர்த்தாவே' என்று ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லிக்கொண்டே ஓடினாள். சாவியைப் போட்டுத் திறந்தாள். செயினை உருவித் தோளில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, திரும்பி ஒரே ஓட்டம். கூட்டம் விசிலடித்தது.

"அக்கா, பெரிய ஓட்டக்காரியா இருப்பீக போலயே!"

"பேசாம மாட்டுலே" என்றாள் மூச்சு வாங்க.

சோணைமுத்து மிஷினின் முன்னால் மூக்குகளுக்கு நடுவே மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். சேசுராஜ் செயினின் ரெண்டு முனையையும் இழுத்துப் பிடித்துக் கொடுத்தார். தீவின் விளிம்பு பத்தடிகூட இல்லை. ஞானபூரணி ஒரு காலி டின்னைத் தட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். லாக் பொருந்தியது. கிளிப்பை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, பலவேசத்தின் நாய்களில் ஒன்று, செவலை, கழுத்துக் கயிற்றை அத்துக்கொண்டு பாய்ந்தது. "ஏலே செவலை, வாலே இங்க!" என்று அவன் கத்தியது காதிலேயே ஏறவில்லை. தட்டைக்குள் புகுந்தது. ஒரு குரைப்பு. ஒரு ஊளை. பிறகு தட்டைகள் ரெண்டாகப் பிளந்தன. நாய் வெளியே உருண்டு வந்து விழ, அதன் பின்னாலேயே ஒரு தாய்ப்பன்னி, பிடரி மயிர் சிலிர்த்து, தலையைத் தாழ்த்தி, நேராக மிஷினைப் பார்த்து வந்தது.

"சோணைமுத்து, காலு!"

அவன் முழங்காலை மடக்கி இழுக்கவும், பன்னி தகரத்தில் மோதவும் சரியாக இருந்தது. தகரம் நெளிந்தது. ஞானபூரணி என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே டின்னைத் தூக்கி எறிந்தாள். அது பன்னியின் முதுகில் பட்டு உருண்டது. பன்னி ஒரு தரம் அவளைப் பார்த்தது. சின்னக் கண். பிறகு சுழன்று தட்டைக்குள் போய்விட்டது.

 மிஷினுக்கு அடியிலிருந்து சோணைமுத்துவின் குரல் வந்தது.

"கிளிப்பு விழுந்துருச்சுண்ணே."

செவலைக்குத் தொடையில் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பலவேசம் அதை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஞானபூரணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். நாய் அவள் கையை நக்கியது.

"எலும்புல படல. பொழச்சுக்கிடும். தையல் போடணும், சாயங்காலம் டாக்டர்ட்ட கொண்டு போ."

"மதினி..." பலவேசத்துக்குக் குரல் இறங்கிவிட்டது.

"கேளு பலவேசம். உள்ள குட்டி கெடக்கு. அதான் அது அப்படி வருது. நீ வேல்கம்பு வச்சு ஒண்ணக் குத்துவ. மத்தது ஒங்கொடல உருவும். இல்லாட்டி பாரஸ்டு கேசுன்னு அலைவ. அதுக்கு வெளிய போக வழி வேணும். அம்புட்டுதான்."

"வழின்னா கெழக்க மட்டுந்தான் இருக்கு. அங்க போனா நேரா என் கடலைக்குள்ளல்லா போகும்? மக்காச்சோளமும் போயி கடலையும் போகணுமா எனக்கு?"

ஞானபூரணி மேற்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலக் காடு. அதுதான் அதுகளின் ஊர். ஆனால் மேற்கு வேலிதான் இருக்கிறதிலேயே அடர்த்தி. முதன்முதலில் ஊன்றியதும் அந்தப் பக்கம்தான்.

"அருவாள எடுங்க" என்றாள் சேசுராஜிடம்.

"ஞானம்! ஒம்போது வருச வேலி!"

"வேலி தழைஞ்சுக்கிடும். சோணைமுத்து காலு தழையுமா?"

நாயை டிரெய்லரில் சேசுராஜிடம் கொடுத்துவிட்டு, பலவேசமும் ஒரு அரிவாளும் வேல்கம்புமாக எழுந்தான். ரெண்டு பேரும் வேலிக்கு வெளியே சுற்றிக்கொண்டு ஓடைக்கரை வழியாகப் போனார்கள். மாசியில் கிளுவை இலை உதிர்த்து முள்ளும் கம்புமாக நின்றது. அரிவாள் விழுந்த இடமெல்லாம் பிசின் வாடை. அவள் அடியில் வெட்ட, அவன் கவட்டைக் கம்பால் இழுத்துப் போட்டான். முழங்கை வரைக்கும் ரெண்டு பேருக்கும் கீறல்.  மேகம் வெயிலை மூடிவிட்டது. ஓடைக்காற்று குளிர்ந்து வீசத் தொடங்கியது.

"பத்தடி போதுமா மதினி?"

"அதுகளுக்கு என்ன, காரா ஓட்டிட்டுப் போகுதுக? போதும். மரத்துல ஏறு."

வேலியோரம் ஒரு வேப்பமரம். நாற்பத்திரண்டு வயதில் மரம் ஏறுவோம் என்று அவள் நினைத்ததில்லை. பலவேசம் மேலேயிருந்து கையைக் கொடுத்து இழுத்தான். கிளையில் கவட்டை போட்டு உட்கார்ந்துகொண்டு, மிஷினை எடுக்கச் சொல்லி முந்தியை உருவி ஆட்டினாள்.

கிழக்கே சேசுராஜ் கூட்டத்தை வாயசைக்கவிடாமல், மிஷினுக்கு வெட்டிய திறப்பில் நிறுத்தியிருந்தார். மிஷின் உறுமிக்கொண்டு நகர்ந்தது. செயின் சுற்றியது. ஆமை வேகத்தில், தீவின் கிழக்கு ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகத் தின்றுகொண்டு மேற்கே வந்தது. தட்டைகளுக்குள் அசைவு பின்வாங்கிப் பின்வாங்கி வேலியோரம் சேர்ந்தது. மரத்தின் மேலிருந்து இப்போது முதுகுகள் தெரிந்தன. ஒன்று, மூன்று, ஆறு.

தாய்ப்பன்னி திறப்பின் வாயில் வந்து நின்றது. மூக்கைத் தூக்கியது. மனுஷ வாடையும் பிசின் வாடையும் அடித்திருக்கும். சட்டென்று மிஷின் பக்கம் திரும்பியது.

ஞானபூரணி கிளையை இறுக்கிப் பிடித்தாள். ஆனால் சோணைமுத்து கெட்டிக்காரன். மிஷினை அங்கேயே நிறுத்தி, இஞ்சினையும் அணைத்துவிட்டான். காடு முழுக்க ஒரே அமைதி. ஓடைக்காற்று மட்டும் திறப்பு வழியாக உள்ளே அடித்தது. அந்தக் காற்றில் ஓடை ஈரமும் கருவேலங்காட்டு மண்ணும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். ரெண்டு எட்டு வைத்தது. நின்றது. பிறகு ஒரே பாய்ச்சல்.

"போகுது, போகுது, போகுது!" என்று கிசுகிசுத்தாள், பலவேசத்தின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

தாய்க்குப் பின்னால் குட்டிகள். முதுகில் கோடு கோடாக, அணில்குஞ்சு மாதிரி, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. அதற்குப் பின்னால் நடுத்தரமாக நாலு. கடைசியில், இத்தனை நேரம் ஒருத்தர் கண்ணிலும் படாத ஒரு கொம்பன், கன்றுக்குட்டி உயரத்தில், கோரைப்பல் வளைந்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது. வேப்பமரத்தடியில் நின்று பலவேசம் விட்டிருந்த வேல்கம்பை மோந்து பார்த்தது. மரத்தின் மேல் ரெண்டு பேரும் ஒட்டிக்கிடந்தார்கள். அது ஒரு செருமல் செருமிவிட்டு ஓடையில் இறங்கியது.

ஒரே ஒரு குட்டி மட்டும் திறப்பைத் தவறவிட்டுவிட்டு, வேலிக்கு உள்பக்கமாகக் கத்திக்கொண்டு வடக்கே ஓடியது. ஓடைக்குள்ளிருந்து தாய் திரும்பி உறுமியது. பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை. கிளையிலிருந்து குனிந்து கத்தினான்:

"ஏலே, அங்கன இல்லலே! இங்கன வாலே, மடப்பயலே! இங்கனதான் வாசலு!"

குட்டி அந்தச் சத்தத்துக்குப் பயந்து வேலியில் முட்டித் திரும்பி, தலைதெறிக்க ஓடிவந்து திறப்பில் விழுந்து வெளியே போனது. கிழக்கே நின்ற கூட்டம் அதுவரை அடக்கிவைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்தது. மிஷின் மேலே நின்று சோணைமுத்து துண்டைச் சுழற்றினான். ஞானபூரணிக்குச் சிரிப்பில் கிளையில் உட்கார முடியவில்லை; கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"வாசலாம்! வரவேத்து உக்கார வச்சு காப்பி குடுத்து அனுப்பு!"

"சும்மா இருங்க மதினி" என்றான் பலவேசம், தானும் சிரித்துக்கொண்டு.

முதல் துளி அவள் புறங்கையில் விழுந்தது.

"ஓட்டுலே சோணைமுத்து, ஓட்டு!"

அதற்கப்புறம் நடந்ததைக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். கறிக்கு என்று வந்த ஆட்கள் எல்லாம் டிரெய்லரின் மேல் ஏறினார்கள். நாலு பேர் தார்ப்பாயைப் பிடித்து நிற்க, மிஷின் மிச்சச் சால்களை வாரிக்கொண்டு வந்தது. கடைசிச் சால் முடிந்ததும் குழாயை நீட்டி, மஞ்சள் அருவியாகக் கொட்டியது. "இழு, இழு, அந்த மூலைய இழுலே!" தார்ப்பாய் மூடிக் கயிறு இறுக்கவும், மழை சடசடவென்று பிடிக்கவும் ஒன்றாக இருந்தது. சேசுராஜ் நாயை மடியில் வைத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார். யாரோ வரப்பிலிருந்த கஞ்சித் தூக்கை எடுத்துவந்து சோணைமுத்து கையில் கொடுத்தார்கள். அவன் மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்தான்.

"அக்கா, உப்பு இல்ல."

"மழத்தண்ணி ஊத்திக்கோ" என்றாள்.

வெற்றுக் காடு மழையில் கறுத்துக்கொண்டு வந்தது. கிழக்கே ஒரு ஓட்டை, மேற்கே ஒரு ஓட்டை. ஞானபூரணி நனைந்துகொண்டே மேற்குப் பக்கம் போனபோது, பலவேசம் வெட்டிப் போட்ட கிளுவையை ஒன்றொன்றாக எடுத்து, முள்ளைச் சீவி, கையளவுக் கம்பாக நறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க ஓட்டைய அடைக்கவா நறுக்குற?"

"ஒங்களுக்குப் பாதி. எனக்குப் பாதி." அவன் நிமிரவில்லை. "மாட்டேன்னு சொல்லிராதீக மதினி. இப்பிடி ஈரம் இனி எப்ப கெடைக்கும்?"

"ஒனக்கா? வேலி எல்லாம் வேலையத்தவன் பாக்குற வேலன்னு சொன்ன ஆளுல்ல நீ?"

"சொன்னேன்."

தன் பங்குக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அறுத்த காட்டைக் குறுக்காகக் கடந்து, கிழக்கே தன் பிஞ்சையைப் பார்த்து நடந்தான். மழை அவன் முதுகில் அடித்தது. பாதையைத் தாண்டியதும் குனிந்து, தன் வரப்பில் கிடந்த கடப்பாரையால் ஒரு குழி போட்டு, ஒரு கம்பை எடுத்து ஊன்றினான். ஞானபூரணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"அய்ய, தலைகீழா நடுதான்!" என்று மிச்சக் கட்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சேறு தெறிக்க அவனை நோக்கி ஓடினாள்.